உரைக்குப் பின் ஒரு பந்தி

மேலை நாடுகளில் சிற்றூர்களின் வரலாற்று அருங்காட்சியகங்கள் மாலை உரைகளை நடத்துவதுண்டு. உரை முடிந்ததும் வந்தவர்கள் ஒன்றாக அமர்ந்து உண்டுவிட்டுக் கலைவார்கள். நண்பர் ஒருவர் இதைச் சொன்னபோது எங்களுக்கு உடனே நினைவுக்கு வந்தது பத்மநாபபுரம் அரண்மனையின் ஊட்டுப்புரைதான். அரண்மனையோ மாலை நாலரை மணிக்கே கதவடைத்துவிடும். ஆகவே கதவடைத்த பிறகு நாங்கள் தொடங்குவது என்று முடிவாயிற்று. மாதம் ஒரு சனிக்கிழமை, தக்கலையில் நண்பர் வீட்டு மச்சில் ஒருவர் பேசுவது, பிறகு அனைவரும் உண்பது.

கேட்டலும் உண்டலும் சேர்ந்து நடப்பது நாஞ்சில் நாட்டுக்குப் புதிதன்று. கோயில் கொடைகளில் இரவெல்லாம் வில்லுப்பாட்டுக் கேட்டவர்கள் படப்புச்சோறு வாங்காமல் வீடு திரும்பியதில்லை. சாமித்தோப்பிலும் நிழல்தாங்கல்களிலும் ஏடு வாசிப்பைக் கேட்டவர்கள் வரிசையில் அமர்ந்து அன்னம் பெறுவது இன்றும் வழக்கம். ஆகவே இறக்குமதிச் சரக்கு எதையும் விற்கிறோம் என்ற கூச்சம் எங்களுக்கு இல்லை.

முதல் மாதம் மரச்சீனிக் கிழங்கைப் பற்றிய பேச்சு. தென் அமெரிக்காவில் பிறந்த கிழங்கை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் திருவிதாங்கூரில் பரவச் செய்ததும், அரிசி கிட்டாத காலங்களில் அது ஏழைகளின் உயிரைக் காத்ததும் விரிவாகப் பேசப்பட்டன. இரவு உணவும் கிழங்கும் மீன்கறியும்தான். அடுத்த மாதம் உதயகிரிக் கோட்டை. 1741-இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியாகி, 1777-இல் இறந்து அக்கோட்டைக்குள்ளேயே அடக்கமான டிலனாய். அன்று உள்ளித்தீயலும் அவியலும்.

எங்களுள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஒரு கூட்டத்தையும் தவறவிடாதவர். உரையில் ஓர் ஆண்டு பிசகினாலும் மெல்லத் திருத்துபவர். ஆனால் இலை போடும் நேரத்தில் எழுந்துவிடுவார். ‘‘சாப்பிட்டுட்டுப் போலாம் சார்’’ என்றால், ‘‘இல்லடே, நேரமாச்சு’’ என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குவார். பழைய ஆசாரக்காரர் போலும், பிறர் வீட்டில் கை நனைக்கமாட்டார் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை.

ஏழாம் மாதம் ஊட்டுப்புரையையே பொருளாக எடுத்துக்கொண்டோம். பிற்பகலில் அனைவரும் அரண்மனைக்குச் சென்று இரு தளங்களாக நீண்டு கிடக்கும் அக்கூடத்தையும், ஊறுகாய் வைத்த பெருஞ்சாடிகளையும் பார்த்தோம். ஒரே வேளையில் 2000 பேர் உண்ணலாம் என்று அங்கே சொல்வார்கள். மாலையில் எங்கள் இளம் நண்பர் அதைப் பெருமிதத்தோடு விவரித்தார். ஆசிரியர் குறுக்கிட்டார்.

‘‘அந்த ரெண்டாயிரம் பேரும் யாருடே?’’

நண்பர் சற்றுத் தயங்கி, பிராமணர்கள் என்றார். உண்மைதான். திருவிதாங்கூர் முழுவதும் அரசுச் செலவில் நடந்த ஊட்டுப்புரைகள் அவர்களுக்கு இலவசமாகச் சோறிட்டவை. அந்த நெல்லை விளைவித்தவர்களுக்கு அங்கே இலை இல்லை. ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்ததே 1936-இல்தான். மச்சில் இருந்த எங்களில் எத்தனை பேரின் முன்னோர் அக்கூடத்தில் அமர்ந்திருக்க முடியும் என்று மனத்துள் எண்ணிப் பார்த்தோம். ஒருவர்கூட இல்லை.

பிறகு ஆசிரியர் தம் கதையைச் சொன்னார். அவருக்கு எட்டு வயது. தீண்டாமையைச் சட்டம் ஒழித்துப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. தந்தை பாடுபட்ட வயலின் சொந்தக்காரர் வீட்டில் கல்யாணம். எல்லாப் பந்திகளும் முடிந்தபின் தந்தைக்கும் மகனுக்கும் களத்து மூலையில் இலை போட்டார்கள். பிரதமன் தீர்ந்திருந்தது. உண்ட இலையைத் தாமே எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறினார்கள். தந்தை ஒன்றும் சொல்லவில்லை. மகன் மட்டும், இனி யார் வீட்டுப் பந்தியிலும் அமர்வதில்லை என்று முடிவு செய்துகொண்டான்.

அவர் குரலில் கசப்பு இல்லை. டிலனாய் இறந்த ஆண்டைத் திருத்துகிற அதே நிதானம். ஆறு மாதங்களாக அவரைப் பற்றி நாங்கள் பேசியதை எண்ணித் தலைகுனிந்தோம். வரலாற்றைக் கோட்டைகளிலும் சாடிகளிலும் தேடியவர்கள், பக்கத்துப் பாயில் இருந்தவரிடம் அதைக் கேட்கவில்லை.

அன்றும் அவர் உண்ணவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. படியிறங்கும்போது திரும்பி நின்று, ‘‘அடுத்த மாசம் நம்ம வீட்டுல வச்சுக்கிடுவோம். வருவியளா?’’ என்றார்.

சென்றோம். இருவர் வரவில்லை, அவரவர்க்கு ஒரு காரணம் இருந்தது. அதையும் இங்கே மறைக்காமல் எழுதிவிடுவதே முறை. ஆசிரியரின் மனைவியார் பருப்பும் நெய்யும், எரிசேரியும் புளிசேரியும் சமைத்திருந்தார். அவரே பரிமாறி முடித்து, கடைசி இலையை எங்கள் வரிசையிலேயே போட்டுக்கொண்டு அமர்ந்தார் ஆசிரியர். சக்கைப் பிரதமன் வந்தபோது முதல் அகப்பையைத் தம் இலையில் ஊற்றச் சொன்னார். பேச்சு எதுவும் எழவில்லை. உண்டு முடித்ததும் எங்கள் இலைகளை எடுக்கக் குனிந்தோம், அவர் தடுத்துவிட்டார்.

அடுத்த கூட்டத்திலிருந்து ஒரு சிறு மாற்றம் செய்தோம். இப்போது முதலில் பந்தி, பிறகுதான் உரை. ஒன்றாக உண்ட பிறகு கேட்கும் வரலாற்றில் கேள்விகள் கூடுதலாக எழுகின்றன.