ஆமை ஓட்டுக்கும் நோகும்

புலம்பெயர்ந்து வந்த எமது குடும்பங்களின் வீடுகளிலே ஆமை வளர்க்கும் வழக்கமும் மெல்ல மெல்ல வந்துவிட்டது. தொடர்மாடியில் நாய் வளர்க்க இடம் போதாது. பூனை மயிர் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆமை என்றால் சத்தமும் இல்லை, வெளியே கூட்டிக்கொண்டு திரியவும் தேவையில்லை என்று நினைத்துப் பெற்றோர் பிள்ளைகளின் ஆசைக்கு இணங்கிவிடுகிறார்கள். ஆனால் அதன் ஓட்டில் நோய் வந்தால் என்ன செய்வது என்று எம்மவரில் பலருக்குத் தெரிவதில்லை. எமது அனுபவத்தை எழுதினால் புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறோம்.

நாம் ரொறொன்ரோவில் வசிக்கிறோம். எமது மாடியில் இருந்த ஒரு குடும்பம் வேறு நகரத்துக்குப் போனபோது, தங்கள் பிள்ளை வளர்த்த ஆமையை எமது மகளிடம் கொடுத்துவிட்டுப் போனது. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள நீராமை அது. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்துக்கு உரிய இனம்.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது எண்டு சும்மாவே சொன்னவை?" என்று அம்மம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் இரண்டாம் நாளே, "பிள்ளை, இதில ஏதோ மணக்குது, திருப்பிப் பார்" என்று சொன்னவரும் அவர்தான். திருப்பிப் பார்த்தோம். அடி ஓட்டிலே உழுந்தளவில் இரண்டு குழிகள். சுற்றிவர வெள்ளை படிந்திருந்தது. மேல் ஓட்டின் விளிம்பை விரலால் தொட்டால் வளைந்து கொடுத்தது.

கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் ஒவ்வொரு வைத்தியம் சொன்னார்கள். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பூசு என்றார் ஒருவர். நகப்பூச்சை அடித்துக் குழியை மூடிவிடு என்றார் இன்னொருவர். ஏரியிலே கொண்டுபோய் விட்டால் தானாகச் சுகம் வந்துவிடும் என்றார் மூன்றாமவர். நாம் மிருக வைத்தியரைத் தேடினோம். முதலில் அழைத்த இடத்தில் நாயும் பூனையும்தான் பார்ப்பார்களாம். ஊர்வன பார்க்கும் வைத்தியர் வேறு, விசாரித்துத்தான் பிடிக்கவேண்டும். எமது சுகாதார அட்டை மிருகங்களுக்குச் செல்லாது. பணம் முழுவதும் எமது கையிலிருந்துதான். ஆகவே எவ்வளவு செலவாகும் என்று தொலைபேசியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வைத்தியர் சொல்லச்சொல்ல மகள் எமக்குத் தமிழில் சொன்னாள். ஆமையின் ஓடு நத்தையின் கூடு போன்றதல்ல. முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஒன்றாகச் சேர்ந்துதான் மேல் ஓடு ஆகியிருக்கிறது. அதன்மேல் எமது நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளால் ஆன தகடுகள். உள்ளே இரத்தமும் ஓடுகிறது, நரம்பும் ஓடுகிறது. இதைக் கேட்டதும் மகள் ஏதோ கேட்டாள். பதிலைக் கேட்டுவிட்டு எம்மிடம் திரும்பி, "ஓட்டுக்கும் நோகுமாம்" என்றாள்.

எமது ஆமைக்கு இரண்டு வருத்தங்கள் சேர்ந்திருந்தன. ஒன்று ஓடு மெதுமையாவது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்தாலும், வெயிலில் உள்ள யூ.வி.பி. கதிர் படாவிட்டாலும் இது வரும். அந்தக் கதிர் இருந்தால்தான் ஆமையின் உடம்பு டி3 விற்றமினை உண்டாக்கிச் சுண்ணாம்புச் சத்தை எலும்பில் சேர்க்கும். யன்னல் ஓரத்தில் தொட்டியை வைத்தால் போதும் என்று நினைக்கவேண்டாம். யன்னல் கண்ணாடி அந்தக் கதிரை மறித்துவிடும். அதற்கென விற்கும் மின்குமிழ் வேண்டும். அதுவும் 6 முதல் 12 மாதத்துக்குள் வலுவிழந்துவிடும். வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். காய்ந்த இறாலும் இறைச்சித் துண்டும் மட்டும் போடுவதும் தவறு. ஆமைக்கென விற்கும் உணவோடு கீரை வகையும் கொடுக்கவேண்டும். பறவைகளுக்கென விற்கும் கணவாய் ஓட்டின் ஒரு துண்டைத் தொட்டியில் மிதக்கவிட்டால் அது கடித்துக்கொள்ளும்.

மற்றது ஓடு அழுகுவது. கீறல் காயத்துக்குள் கிருமி போய்விட்டால், அழுக்குத் தண்ணீரும் குளிரும் அதை வளர்த்துவிடும். வைத்தியர் செத்த பகுதியை எடுத்துத் துப்புரவாக்கினார். பிறகு வீட்டில் செய்யவேண்டியதைக் காட்டித் தந்தார். நாளின் பெரும்பகுதி ஆமையைத் தண்ணீரில்லாத, இளஞ்சூடான பெட்டியில் வைத்திருக்கவேண்டும். பொவிடோன் அயடீனைத் தண்ணீர் விட்டு வெறுந்தேநீர் நிறத்துக்குக் கலக்கி, மெல்லிய பிரஷால் குழிகளைக் கழுவி, உலர்த்தி, அவர் தந்த களிம்பைப் பூசவேண்டும். காலையும் மாலையும் சிறிது நேரம் தண்ணீரில் விடவேண்டும். இந்த இனம் தண்ணீருக்குள் இருந்தால்தான் சாப்பாட்டை விழுங்கும். எண்ணெயும் நகப்பூச்சும் கிருமியை உள்ளே வைத்து மூடிவிடும், கதிரையும் மறிக்கும் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார்.

மருந்து பாதி வேலைதான் செய்தது. மீதி வேலை தொட்டியில் இருந்தது. ஓட்டின் நீளம் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 40 லீற்றர் தண்ணீர், நல்ல வடிகட்டி, 25 பாகை செல்சியஸ் அளவில் தண்ணீர், முழுதாக ஏறி உலரக்கூடிய ஒரு மேடை, அந்த மேடையில் 32 பாகை அளவில் சூடு. இவை இல்லாவிட்டால் அழுகல் திரும்பி வரும். குழிகள் ஆறச் சில மாதங்கள் எடுத்தன. தழும்பு இப்போதும் இருக்கிறது. ஓடு இறுகிவிட்டது.

எல்லா மாற்றமும் நோயல்ல. மெல்லிய, கண்ணாடி போன்ற தகடு தானாக உரிந்தால் அது வளர்ச்சி. பிடித்து இழுக்கவேண்டாம். பச்சைப் பாசியை மெல்லிய பற்தூரிகையால் தேய்த்தால் போய்விடும். ஆனால் கெட்ட மணம், மெதுமையான குழி, கசியும் நீர் கண்டால் தாமதிக்கவேண்டாம். அடி ஓடு இளஞ்சிவப்பாகிச் சாப்பாட்டையும் விட்டுவிட்டால் கிருமி இரத்தத்தில் கலந்திருக்கக்கூடும். அன்றைக்கே கொண்டுபோங்கள். கையிலிருந்து விழுந்து ஓடு வெடித்தால் வீட்டுப் பசை போட்டு ஒட்டாமல், சுத்தமான ஈரத்துணியால் மூடி, தண்ணீரில் விடாமல் வைத்தியரிடம் போங்கள்.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். பார்க்கச் சுகமாக இருக்கும் ஆமையிடமும் சல்மனெல்லா கிருமி இருக்கலாம். இதனால் அமெரிக்காவில் 1975இல் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதைத் தடை செய்தார்கள். தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும். தொட்டியைக் குசினித் தொட்டியில் கழுவக்கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் கையில் கொடுக்கவேண்டாம்.

ஏரியில் விடுவது சுகப்படுத்தும் வழியல்ல. வருத்தமுள்ள ஆமை இந்த நாட்டுப் பனிக்காலத்தைத் தாங்காது. தாங்கினாலும் இங்கே இயல்பாக வாழும் ஆமைகளின் வெயில் காயும் இடத்தையும் உணவையும் பறிக்கும், நோயையும் பரப்பும். வைத்திருக்க முடியாவிட்டால் மிருகக் காப்பகத்தைக் கேளுங்கள்.

கடையில் ஒரு நாணயத்தின் அளவில் இருக்கும் குஞ்சு, சாப்பாட்டுக் கோப்பையின் அளவுக்கு வளரும். நன்றாகப் பார்த்தால் 30 ஆண்டுகள்கூட வாழும். இன்று கேட்டு அழும் பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் அது தொட்டிக்குள் இருக்கும். அதற்கு வெளிச்சம், சூடு, சுத்தமான தண்ணீர் கொடுக்க முடியுமா என்று குடும்பமாக இருந்து பேசிவிட்டு, பிறகு கடைக்குப் போங்கள்.