பாட்டியின் முதுகும் மீன்விழி லென்ஸும்

கோடை விடுமுறையில் ஒரு நாள், எழுபது கொண்டையூசி வளைவுகளையும் கடந்து, பங்குக் குடும்பங்கள் சிலவற்றோடு கொல்லிமலை வாசலூர்பட்டி ஏரிக்குச் சென்றிருந்தேன். என் தமக்கையின் மகனும் உடன் வந்தான். படம் பதியும் லென்ஸ் வழியாகவே நம் கண்ணும் காணக்கூடிய எஸ்.எல்.ஆர். கேமரா அவனிடம் இருந்தது. அதில் அன்று அவன் பூட்டியிருந்தது மீன்விழி லென்ஸ். அதன் முன்கண்ணாடி தவளை விழிபோல் புடைத்திருந்தது. உள்ளே நோக்கினேன். ஏரி, மரங்கள், மேகங்கள் யாவும் ஒரு வட்டத்தினுள் அடங்கின. கீழே என் செருப்பும் தெரிந்தது!

அன்பர்களே, பெயர்க்காரணம் சுவையானது. ஒளி நீருள் புகும்போது முறிவதால், அடியிலுள்ள மீனுக்கு மேலுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகை அகன்ற கூம்பினுள் சுருங்கித் தெரியும். அக்காட்சியைப் படமெடுக்க அமெரிக்க இயற்பியல் அறிஞர் ராபர்ட் உட், 1906-இல் நீர் நிரப்பிய கேமராவைக் கையாண்டார். பிற்காலத்தில் வானம் முழுவதையும் ஒரே படத்தில் பிடித்து மேகங்களை ஆராய இவ்வகை லென்ஸ் உதவிற்று. இதில் ஜூம் வகை மிகப் பிந்தியது. பென்டாக்ஸ் நிறுவனம் 1995-இல் 17–28 மி.மீ. லென்ஸை வெளியிட்டது. மருமகன் வைத்திருந்ததோ 2010-இல் கேனன் அறிவித்த 8–15 மி.மீ. லென்ஸ். அவனுடைய கேமராவில் 8-இல் வட்டமாகத் தெரிவது, வளையத்தைத் திருப்பி 15-க்கு வந்தால் சட்டம் முழுவதையும் நிறைக்கும்.

எல்லோரையும் கரையில் நிறுத்திப் படமெடுத்தான். ஒருவரும் விடுபடவில்லை. ஆயினும் இடக்கோடியில் நின்ற பாட்டி வில்லாய் வளைந்திருந்தார். பல்லாண்டு காலம் கீரைக்கூடையைத் தலையில் சுமந்தும் நிமிர்ந்தே நடப்பவர் அவர். இளைஞர் சிரித்தனர், நானும் சிரித்துவிட்டேன். பாட்டியின் முகம் வாடியதைச் சற்றுப் பிந்தியே கண்டேன்.

“எனக்கு எப்போ சாமி கூன் விழுந்தது?”

எனக்கு விடை கூற நா எழவில்லை. மருமகன் வளையத்தைத் திருப்பி மீண்டும் எடுத்தான். வட்டம் மறைந்தது, வளைவு மறையவில்லை. “நடுப்புள்ளி வழியாகச் செல்லும் கோடுதான் மாமா நேராக விழும். மற்றவை ஓரத்துக்குப் போகப் போக வளைந்துவிடும்” என்றான். நடுவில் நின்றிருந்தவன் நான்! பங்குச்சாமியை நடுவில் நிறுத்துவது நம் வழக்கமாயிற்றே.

பாட்டியை என் இடத்தில் நிறுத்திவிட்டு, அவர் நின்ற கோடிக்கு நான் போனேன். இம்முறை அவர் பனைபோல் நிமிர்ந்திருந்தார். என் வெள்ளங்கி குலை தாங்கிய வாழையாய்ச் சாய்ந்திருந்தது. பாட்டி அப்படத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

“பாவம், சாமிக்கு இந்த வயசுலேயே கூன் விழுந்துருச்சே!”