அடியில் ஏறும் குளிர்

டிசம்பர், ஜனவரியில் மூணாறு பக்கம் டென்ட் அடித்துப் படுக்கப் போகிறவர்களில் பலர் ஸ்லீப்பிங் பேக்குக்குக் காசைக் கொட்டுகிறார்கள். அடியில் விரிக்க ஏதோ ஒரு மேட் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். நான் சொல்வது நேர்மாறு. முதலில் மேட்டுக்குச் செலவு செய்யுங்கள். ஸ்லீப்பிங் பேக்கின் கதகதப்பு, அதன் பஞ்சுக்குள் அசையாமல் நிற்கும் காற்றில் இருக்கிறது. நாம் படுத்ததும் முதுகுப் பக்கத்துப் பஞ்சு நசுங்கிக் காற்று போய்விடும். அதன்பின் உடம்புக்கும் ஈர மண்ணுக்கும் நடுவே இருப்பது மேட் ஒன்றுதான்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டும் ஒரு தம்பி இதை அழகாகச் சொன்னார்: “மேல எத்தன கம்பளி வேணா போத்துங்கண்ணே, அடியில சாக்கு போடலேன்னா விடிய விடிய நடுக்கந்தான்.” கொழுக்குமலை எஸ்டேட் இருப்பது தேனி மாவட்டம், ஜீப் ஏறும் பாதை இடுக்கி மாவட்டம். இரண்டு பக்கத்துக் குளிரும் பழகியவர் பேச்சு.

*

கடையில் கேட்க வேண்டியது ஆர் மதிப்பு. வெப்பம் தரைக்கு இறங்காமல் மேட் எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான எண் அது. முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தன் வசதிப்படி அளந்து போட்டுக்கொண்டிருந்தது. 2018-இல் ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுச் சோதனை முறை வந்தது. சூடான தட்டுக்கும் குளிர்ந்த தட்டுக்கும் நடுவே மேட்டை வைத்து, மேல் தட்டின் சூடு குறையாமல் இருக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று பார்ப்பார்கள். அந்த முறையில் அளந்த எண்ணை மட்டும் நம்புங்கள்.

மீசப்புலிமலை 2,640 மீட்டர். செண்டுவரை, குண்டளை பக்கத்துப் புல்வெளிகளில் ஜனவரி விடியலில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அங்கே ஆர் மதிப்பு 3-க்குக் குறைந்தால் தூக்கம் வராது, 4 இருந்தால் நிம்மதி. பரம்பிக்குளத்துக்கும் நெல்லியாம்பதியின் கீழ்ச்சரிவுக்கும் ஒன்றரை, இரண்டே தாராளம்.

இரண்டு மேட்டை அடுக்கினால் எண்கள் கூடும். 2-உம் 1.5-உம் சேர்ந்தால் 3.5. கையில் பழைய ஃபோம் மேட் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

*

ஃபோமா, காற்றடைப்பதா?

ஃபோம் மேட் ஏறக்குறைய 400 கிராம். ஆயிரம் ரூபாய் அளவில் கிடைத்துவிடும். முள் குத்தினாலும் ஒன்றும் ஆகாது, பை மேலேயே கட்டிக்கொள்ளலாம். குறை ஒன்றே: இடுப்பெலும்புக்கு அது பற்றாது. மல்லாந்து படுப்பவருக்குச் சரி. ஒருக்களித்துப் படுப்பவர் மூன்று அங்குலம் உயரும் காற்று மேட்டைத்தான் எடுக்க வேண்டும். கடையிலேயே படுத்துப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். ஒருக்களித்துப் படுத்து இடுப்புக்கு அடியில் கையைச் செருகினால் தரை தட்டக் கூடாது. அகலத்தையும் அப்போதே பாருங்கள். வழக்கமான 51 சென்டிமீட்டரில் தோள் அகன்றவருக்குக் கை இரண்டும் வெளியே விழும்.

காற்று மேட் வைத்திருப்பவர்கள் பலரும் நடுச்சாமத்தில் பயப்படுவது ஒன்று உண்டு. சாயங்காலம் கும்மென்று ஊதி வைத்தது, இரண்டு மணிக்குத் தொய்ந்து கிடக்கும். பெரும்பாலும் ஓட்டை இல்லை. மலையில் பொழுது சாய்ந்ததும் இருபது டிகிரி இறங்குகிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது, அவ்வளவுதான். படுக்கும் முன் இன்னும் நாலு ஊது ஊதிக்கொண்டால் போதும். வாயால் ஊதுவதைவிட ஊதுபை நல்லது. மூச்சின் ஈரம் உள்ளே தங்கினால் பூஞ்சை பிடிக்கும்.

தானாகக் காற்றை இழுத்துக்கொள்ளும் மேட், சியாட்டிலில் போயிங் வேலையை இழந்த இன்ஜினியர்களின் யோசனை. 1972-இல் தெர்மரெஸ்ட் அப்படித்தான் தொடங்கியது. ஃபோமும் காற்றும் சேர்ந்தது. கனம் கூடுதல், ஆனால் நம் ஊர் முள்ளுக்கும் கல்லுக்கும் நடுத்தரமான தேர்வு.

*

இதே மலைகளில் இவை எல்லாவற்றுக்கும் முந்தைய படுக்கை ஒன்று இருக்கிறது. கண்ணாடிப்பாய். ஊராளி, மன்னான், முதுவான், மலையன், காடர் மக்கள் ஈத்தை மூங்கிலில் முடைவது. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் இன்றும் முடைகிறவர்கள் உண்டு. 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மூங்கிலின் உள்பக்கத்து மெல்லிய அடுக்கை மட்டும் இழை இழையாகச் சீவி எடுப்பார்கள். வெளித்தோல் இதற்கு உதவாது. நல்ல பாயைச் சுருட்டினால் ஒரு மூங்கில் குழாய்க்குள் அடங்கிவிடும். கையில் எடுத்துப் பார்த்தால் துணி மாதிரி வளைகிறது. ஓரத்தைச் சாய்த்துப் பிடித்தால் இழைகள் திசை மாறும் இடமெல்லாம் வெளிச்சம் மாறி மாறி மின்னுகிறது.

குளிருக்குக் கதகதப்பு, வெயிலுக்குக் குளிர்ச்சி என்று இதைச் சொல்வார்கள். உறைபனி இரவுக்கு இது மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன், அவ்வளவு மெல்லிசு. ஆனால் ஏப்ரலில் பாலக்காட்டுப் பக்கம் ஃபோம் மேட்டில் படுத்தவருக்கு அவஸ்தை தெரியும்: முதுகு வியர்த்து ஒட்டும், புரளும்போதெல்லாம் தோல் பிய்வது போல இருக்கும். மேட்டின் மேல் இப்படி ஒரு முடைந்த பாய் விரித்தால் இழை இடுக்கில் காற்று ஓடும். கண்ணாடிப்பாய் விலைகொடுத்து வாங்கிக் கல்லில் தேய்க்க மனம் வராதவர்கள் கோரைப்பாயை எடுத்துப் போகலாம், பலன் கிட்டத்தட்ட அதேதான்.

ஈத்தை வெட்டிச் சீவி முடைவதற்குள் நாள்கணக்கில் வேலை இருக்கிறது. பேரம் பேசாமல் வாங்குங்கள் என்பது என் வேண்டுகோள்.

*

காட்டில் நினைத்த இடத்தில் டென்ட் அடிக்க அனுமதி இல்லை. மீசப்புலிமலைக்குக் கேரள வன வளர்ச்சிக் கழகம் வழியாகவும், பரம்பிக்குளத்துக்குப் புலிகள் காப்பகம் வழியாகவும் பதிய வேண்டும். பதியும்போதே டென்டுக்குள் அடியில் என்ன விரித்துத் தருவார்கள் என்று கேட்டுவிடுங்கள். ஸ்லீப்பிங் பேக் தருகிறோம் என்று மட்டும் பதில் வந்தால், உங்கள் மேட்டைக் கட்டிக்கொண்டே கிளம்புங்கள்.