சபூரும் குளிசையும்

நோவைப் பொறுத்துக்கொள்வது எங்கள் பெண்களுக்குச் சிறுவயதிலேயே ஊட்டப்படும் பாடம். உம்மாவும் அப்படித்தான் வளர்ந்தவர். மார்பகப் புற்றுநோய்க்காக மஹரகம ஆஸ்பத்திரியில் இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை அவருக்கு மருந்து ஏற்றினார்கள். டொக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்து, கூடவே சைக்ளோபொஸ்பமைட். இரண்டும் சேர்ந்தால் ஓங்காளம் கடுமையாக வரும்.

முதல் தடவை ஏற்றி மூன்றாம் நாளும் சத்தி நிற்கவில்லை. கொடுத்தனுப்பிய குளிசைகளோ உறையில் அப்படியே இருந்தன. "கூடினாப் போடுவம் எண்டுதான் வெச்சிருக்கன் மகள். அல்லாஹ் தந்த நோவு, சபூர் செய்யத்தானே வேணும்" என்றார்.

அடுத்த தடவை தாதி ஒருவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். சத்தி வந்த பிறகு அடக்குவது கஷ்டம். வராமல் தடுப்பது இலகு. மருந்து உடலில் ஏறியதும் குடற்சுவரின் கலங்கள் செரட்டோனினை வெளிவிடுகின்றன. அது நரம்புவழி மூளைக்குச் சேதி அனுப்புகிறது. ஒன்டன்செட்ரோன் அந்தச் சேதியை மறிக்கிறது. 1990களின் தொடக்கத்தில்தான் அது பாவனைக்கு வந்தது. அதற்கு முன் சத்திக்குப் பயந்தே சிகிச்சையைக் கைவிட்டவர்கள் உண்டு. பிந்திய நாட்களின் ஓங்காளத்துக்கு டெக்ஸாமெதசோன் உதவும். போதாவிட்டால் ஒலன்சபின், அப்ரெபிடன்ட் என்று வேறு மருந்துகளும் இருக்கின்றன. ஆனால் நோயாளி வாய்திறந்து சொன்னால்தானே வைத்தியர் மாற்றிக் கொடுப்பார்!

வீட்டிலும் சில மாற்றங்கள் செய்தோம். வயிறு நிறைய மூன்று வேளை என்பதை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. சூடான கறியின் வாசம் ஒத்துக்கொள்ளாததால் ஆறிய கஞ்சி, கிரீம் கிரேக்கர், இஞ்சிப் பிளேன்டீ. உம்மா படுத்திருக்கும் நேரத்தில் வெங்காயம் பொரிப்பதில்லை. வாப்பா ஜும்ஆவுக்குப் பூசும் அத்தர்கூட அலுமாரிக்குள் போனது.

பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு தாய்க்கு ஆஸ்பத்திரி வாசலைக் கண்டாலே சத்தி வரும். அது மனப்பலவீனமல்ல, முன்பு பட்ட அவதியை மூளை பழகிக்கொண்ட விதம். முதல் தடவையிலேயே சத்தியைத் தடுத்தால் அந்தப் பழக்கம் பதிவது குறையும். தண்ணீர்கூடத் தங்காவிட்டாலோ காய்ச்சல் கண்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

நோயாளிக்கு நோன்பையே பிற்போடச் சலுகை தந்த மார்க்கம் எங்களுடையது. அது குளிசையை ஒளித்துவைத்துச் சத்தியைச் சகிக்கச் சொல்லவில்லை. சபூர் வேண்டியது நோயின் நீண்ட வழிக்கு. இனி நோயாளியைப் பார்க்கப் போகும்போது, துஆச் செய்வதோடு, "குளிசையை நேரத்துக்குப் போடுறீங்களா?" என்றும் கேட்போம்.