மலையாளி என்று சொன்னால்

தன்னைப் பிறர்க்கு அறிமுகம் செய்துகொள்வது எளிய காரியம் என்று எண்ணுவோர் எங்கள் மலையில் பிறந்தவராய் இருக்க முடியாது. "என்ன இனம்?" என்று கேட்பவரிடம் "மலையாளி" என்பேன். "கேரளத்தில் எந்தப் பக்கம்?" என்பதே அடுத்த கேள்வி. சென்னை அலுவலகம் ஒன்றில் எழுத்தர் ஒருவர் என்னிடம் மலையாளத்திலேயே உரையாடத் தொடங்கிவிட்டார். அம்மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது.

ஜவ்வாது, ஏலகிரி, சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் வாழும் பழங்குடியினர் நாங்கள். தாய்மொழி தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது பாட்டி சொன்ன கதை.

நான் பிறந்தது திருப்பத்தூருக்குக் கிழக்கே, புதூர்நாட்டுப் பக்கம். தந்தையார் புளியும் கடுக்காயும் தலைச்சுமையாய்ச் சந்தைக்கு இறக்குவார். சாமைதான் எங்கள் சோறு. பஞ்ச மாதங்களிலும் விதைச் சாமையில் கைவைக்க அன்னை ஒப்பமாட்டார். பட்டினியை விட அந்தக் கண்டிப்பே எனக்கு அதிகம் நினைவிருக்கிறது. பின்னாளில் என் சம்பளத்திலும் ஒரு பங்கு விதைச் சாமையாகவே இருந்தது. மாணவரின் தேர்வுக் கட்டணத்துக்கு மட்டுமே அதை எடுப்பேன்.

மலையில் எவரும் என் பெயரைக் கேட்டதில்லை. "யார் வூட்டுப் புள்ள?" என்பதே கேள்வி. பெயர் தேவைப்பட்டது கீழே இறங்கிய பிறகுதான். சலேசிய சபைக் குருக்கள் 1951இல் தொடங்கிய தூய நெஞ்சக் கல்லூரியில் பயின்றேன். அங்கே தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் எங்கள் மலைச் சொற்களைக் கேட்டுக் கேட்டுத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நான் அறிந்ததும் கல்விதான் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

பின்னர் எங்கள் மலையிலேயே பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியரானேன். அதற்குச் சாதிச் சான்றிதழ் துணைநின்றது. அதிலும் ஒரு விந்தை உண்டு. பட்டியலில் மலையாளி என்ற பெயர் வட ஆர்க்காடு, சேலம், தருமபுரி எனச் சில மாவட்டங்களுக்கு மட்டுமே கட்டுப்பட்டிருக்கிறது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளி அந்தப் பட்டியலில் இல்லை. நானோ வட ஆர்க்காட்டில் பிறந்து, வேலூரில் பணியாற்றி, 2019க்குப் பின் திருப்பத்தூர் மாவட்டத்தில் வாழ்கிறேன். வீடு மட்டும் நகரவில்லை!

வகுப்பில் முதல் நாள் பாடம் எப்போதும் ஒன்றே. பெயர், தாய் தந்தையர் பெயர், ஊர், நாடு ஆகியவற்றைப் பிள்ளைகள் நிமிர்ந்து நின்று உரக்கச் சொல்ல வேண்டும்.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழர் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பலர் ஜவ்வாது மலையிலும் அடிவாரத்திலும், சித்தேரி மலையிலும் பிறந்தவர்கள். வறுமையே அவர்களை அங்கே இட்டுச் சென்றது. மரத்தின் விலையில் அவர்கள் கைக்கு வந்தது சொற்பம். அதன்பின் என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். "ஐயா, திருப்பதிக்குக் கட்டட வேலைக்குப் போகிறேன். ஊர் எது என்றால் திருப்பத்தூர் என்று மட்டும் சொல்லட்டுமா?"

நான் நெடுநேரம் பேசவில்லை. உரக்கச் சொல்லக் கற்பித்தவன் நான். ஆயினும் உயிர் பெரிது. "அப்படியே சொல், அடையாள அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்" என்றேன். வேறு விடை இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

2024 பிப்ரவரியில், புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்னும் எங்கள் இனப் பெண் 23 வயதில் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வுபெற்ற செய்தி வந்தது. ஏலகிரியில் கல்வி கற்றவர். பிள்ளை பெற்ற சில நாள்களிலேயே சென்னைக்குச் சென்று தேர்வெழுதியவர். அச்செய்தியில் "ஜவ்வாது மலை" என்ற சொற்களை விரலால் தொட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மூதாட்டிக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். தேர்வு, பதவி, சட்டப் படிப்பு எல்லாவற்றையும் பொறுமையாய்க் கேட்டு முடித்துவிட்டு, அவர் கேட்டார்:

"அதெல்லாம் இருக்கட்டும் வாத்தியாரே, அது யார் வூட்டுப் புள்ள?"