அழைத்தலும் கொணர்தலும்

பல்லாண்டுகளுக்கு முன், ஒன்பதாம் வகுப்புச் சோதனையொன்றில், ‘ஆவாகனம்’ என்னும் வடசொல்லுக்குப் பொருள் கேட்டிருந்தேன். மாணாக்கன் ஒருவன் ‘கொண்டுவருதல்’ என எழுதினான். யான் சிவப்பு மையால் அதனை வெட்டி, ‘அழைத்தல்’ எனத் திருத்தி, அவ்வினாவுக்குரிய இரண்டு புள்ளிகளையும் குறைத்துவிட்டேன். அவன் வாதாடவில்லை. “தாத்தா அப்படித்தான் சொல்லித் தந்தவர், சேர்” என்று மட்டும் மெல்லச் சொன்னான். அவன் பாட்டனார் கோயிற் குருக்கள் என்பதை யான் அறிவேன். அறிந்தும், ஆசிரியனுக்குரிய பிடிவாதம் என்னை விடவில்லை.

அன்றிரவு வடமொழி அகராதியை விரித்தேன். அழைத்தலைக் குறிக்கும் தாது ‘ஹ்வே’. அதிற் பிறந்தது ‘ஆஹ்வானம்’. ஆவாகனமோ, சுமத்தல், கொணர்தல் எனப் பொருள்படும் ‘வஹ்’ என்பதன் வழிவந்தது. வாகனமும் அதன் உடன்பிறப்பே. வழக்கில் ஆவாகனம் அழைத்தலையும் குறிக்குமாதலின் என் விடை முற்றும் பிழையன்று. ஆயினும் சொல்லின் வேரைத் தொட்டவன் மாணாக்கனே. இருக்குவேதத்தின் முதற் சூக்தத்திலேயே தேவர்களை இங்குக் கொணர்பவனாக அக்கினி போற்றப்படுகின்றான். அழைத்தால் மட்டும் போதாது, ஏற்றிவரவும் ஒருவன் வேண்டும் என எண்ணினர் போலும்!

ஹ்வே என்னும் தாதுவும் எளிதிற் பிடிபடுவதன்று. நிகழ்காலத்தில் ‘ஹ்வயதி’ என நிற்பது, இறந்தகாலத்தில் ‘ஜுஹாவ’ எனவும், செயப்பாட்டுவினையில் ‘ஹூயதே’ எனவும் உருமாறும். வேள்வித் தீயிற் சொரிதலைக் குறிக்கும் ‘ஹு’ என்னும் வேறொரு தாதுவுக்கும் இவ்விரு வடிவங்களும் உள. இடம் நோக்கியே பொருள் கொள்ளல் வேண்டும். எச்சத்தில் மாத்திரம் ஒரு மாத்திரை நம்மைக் காக்கின்றது: குறிலாயின் ‘ஹுத’, சொரியப்பட்டது; நெடிலாயின் ‘ஹூத’, அழைக்கப்பட்டது. ஆஹுதிகள் உண்மையில் ஆஹூதிகளே, அவற்றால் வேள்வி செய்வோன் தேவர்களை அழைக்கின்றான் என, இந்த ஒலியொற்றுமையைக் கொண்டே ஐதரேயப் பிராமணம் விளக்கம் கூறும்.

என்னை மிகவும் கவர்ந்தது பாணினியின் நுட்பம். ‘ஆ’ என்னும் முன்னடை பெற்ற இவ்வினை, அறைகூவற் பொருளில் ஆத்மநேபத விகுதி கொள்ளும் என அவர் விதித்தார். ‘ஆஹ்வயதி’ என்றால் அழைக்கின்றான். ‘ஆஹ்வயதே’ என்றால் போட்டிக்கு அழைக்கின்றான். நம் அறைகூவலிலும் ஒரு கூவல் இருக்கின்றதன்றோ?

மறுநாள் என் பிழையை வகுப்பறியச் சொல்லி, இரண்டு புள்ளிகளையும் மீட்டுக் கொடுத்தேன். பாணினி விதியையும் கரும்பலகையில் எழுதினேன். அதன்பின் அவனை என் மேசையருகே அழைக்கும்போதெல்லாம், எழுந்து நின்று சிரித்தபடி கேட்பான்: “‘தி’யோ சேர், ‘தே’யோ?”