ஆறு கடலைத் தொடுற இடம்

பெசன்ட் நகர் பீச்ல பஜ்ஜிக் கடை, சோளக் கடை எல்லாம் விட்டுட்டு வடக்கால நடந்தா, ஊரூர் ஆல்காட் குப்பம் தாண்டினதும் சத்தம் அடங்கிடும்.
அதுக்கப்புறம் அடையாறு முகத்துவாரம்தான்.

உடைஞ்ச பாலம் அப்படியே நிக்குது.
1967ல கட்டினாங்க. 1977ல ஆறு ஒரு பகுதியை இழுத்துட்டுப் போயிடுச்சு.

தண்ணிக்குள்ள ஒரு அண்ணன். வீச்சு வலையை முழங்கை மேல மடிச்சுப் போட்டு, ஓரத்தைப் பல்லுல கடிச்சுக்கிட்டு நின்னார்.
வீசினதும் வலை வட்டமா விரிஞ்சு விழுந்துச்சு.

"மீன் இருக்காண்ணா?"
"வாய் தொறந்திருந்தா மடவை உள்ள ஏறும்பா. அடைச்சிக்கிச்சுன்னா சாக்கடைதான்."

கேக்கவே வயித்தைப் பிசைஞ்சுச்சு.

தெக்கத்திக் காத்து அடிக்கிற மாசத்துல அலை மணலை வடக்க தள்ளிக்கிட்டே இருக்கும். ஆத்துல அதை எதிர்த்துத் தள்ள வேகம் இருக்காது. மணல் திட்டு வாயை மூடிடும். ஐப்பசி மழை வந்துதான் பெரும்பாலும் உடைக்கணும். அதுவரைக்கும் நாம விடுற கழிவு அங்கேயே தேங்கும்.

இதே கரைக்குத்தான் தை, மாசியில பங்குனி ஆமை முட்டை போட வருது. அந்த முட்டைங்களைக் காப்பாத்த 1988ல இருந்து மாணவர்கள் ராத்திரி முழுக்க நடக்குறாங்க. அவங்களைப் பாத்தா கும்பிடத் தோணுது.

ஆத்தைக் காப்பாத்தவும் அப்படி ஒரு கூட்டம் வேணும்னு மனசு அடிச்சுக்குது.

உங்க ஊர் ஆறு கடல்ல சேர்ற இடத்தை நேர்ல பாத்திருக்கீங்களா? அது இப்போ எப்படி இருக்கு?